விறகுக்கு எத்தனை ஏக்கர்?



அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் வெர்மான்ட் என்றொரு சின்ன மாநிலம் இருக்கிறது. பரப்பில் நம் கேரளத்தைவிடச் சிறியது. மக்கள்தொகை ஏழு லட்சத்தை எட்டவில்லை. அங்கே கிராமப்புறத்தில் வீடு பார்க்க வருகிறவர்கள் முதலில் கிணற்றைப் பற்றிக் கேட்பார்கள், பிறகு கூரையைப் பற்றிக் கேட்பார்கள். மூன்றாவதாகப் பலரிடமிருந்து ஒரு கேள்வி வரும்: 'இந்த வீட்டைக் காலம் முழுக்கச் சொந்த விறகாலேயே சூடாக்க வேண்டுமென்றால் எத்தனை ஏக்கர் காடு வாங்க வேண்டும்?' இன்று எனக்குக் கொடுத்திருக்கும் நேரம் முழுவதும் இந்த ஒரு கேள்விக்குத்தான்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த மண்ணில் ஓர் ஏக்கர் காடு ஆண்டுக்கு அரை 'கார்ட்' விறகு வளரும். ஓரளவு நன்றாகக் கட்டிய வீட்டுக்கு ஒரு குளிர்காலத்துக்கு ஐந்து கார்ட் வேண்டும். ஆக, பத்து ஏக்கர். அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் இந்தக் கணக்கைத்தான் சொல்வார்கள். கிளம்ப நினைப்பவர்கள் இப்போதே கிளம்பலாம். உட்கார்ந்திருப்பவர்களுக்கு, இந்தப் பத்து எங்கெங்கே ஆட்டம் காண்கிறது என்பதைச் சொல்கிறேன்.

கார்ட் என்பது என்ன? நான்கு அடி உயரம், நான்கு அடி அகலம், எட்டு அடி நீளத்துக்கு அடுக்கிய விறகு. மொத்தம் 128 கன அடி. அதில் மூன்றில் ஒரு பங்கு கட்டைகளுக்கு நடுவே இருக்கும் காற்று. மரம் மட்டும் என்றால் 80, 90 கன அடி தேறும். வைரம் பாய்ந்த மேப்பிளோ பீச்சோ நன்றாக உலர்ந்திருந்தால் ஒரு கார்ட் ஒன்றரை டன்னுக்கு மேல் நிற்கும். நல்ல அடுப்பில் எரித்தால் 500 லிட்டருக்கும் அதிகமான எண்ணெய் செய்கிற வேலையை அது செய்யும். ஐந்து கார்ட் என்றால் எட்டு டன். ஒரு குடும்பம், ஒரு குளிர்காலம், எட்டு டன் விறகு.

இங்கே உட்கார்ந்து கேட்கும்போது இது கொஞ்சம் அதிகமாகத்தான் தெரியும். அங்கே அக்டோபர் நடுவில் பற்றவைக்கும் அடுப்பு ஏப்ரல் கடைசிவரை அணையாது. ஜனவரி இரவுகளில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 20 டிகிரிக்கு இறங்குவது அதிசயமில்லை. அடுப்பு அணைந்தால் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடிக்கும். 1973-ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது அந்த மாநிலம் அலறிய அலறல் இன்றும் பேச்சில் இருக்கிறது. பாட்டனார் காலத்து இரும்படுப்புகளைப் பரணிலிருந்து இறக்கினார்கள். 1975-ல் ராண்டால்ஃப் என்ற ஊரை மையமாகக் கொண்டு வெர்மான்ட் காஸ்டிங்ஸ் என்ற அடுப்புக் கம்பெனியே முளைத்தது. நகரத்தை விட்டுக் காட்டோரம் குடியேறிய இளைஞர் கூட்டம் ஒன்றும் அதே காலத்தில் வந்து சேர்ந்தது. ஸ்காட் நியரிங், ஹெலன் நியரிங் தம்பதியர் 1932-ல் வெர்மான்ட் மலைப்பகுதியில் குடியேறி வாழ்ந்ததைப் பற்றி 1954-ல் எழுதிய புத்தகம்தான் அந்த இளைஞர்களுக்கு வேதம். நான் சொன்ன கேள்வி இன்றைய வடிவத்தில் பிறந்தது அந்த எழுபதுகளில்தான். அதற்கு முன்னால் காடு வைத்திருந்த குடியானவர் யாரும் இதைக் கேட்டிருக்க மாட்டார். அவருக்கு அது வீட்டோடு வந்த சொத்து.

நம் பக்கத்துக் காதுக்கு இன்னொரு சந்தேகம் வரலாம்: எட்டு டன்னுக்குப் பத்து ஏக்கரா? நம் கடற்கரை மாவட்டங்களில் சவுக்கு போட்டவர்கள், தண்ணீர் வசதி இருந்தால், மூன்று நான்கு ஆண்டில் ஏக்கருக்கு 40 டன்னும் அதற்கு மேலும் வெட்டுகிறார்கள். பச்சை எடையைக் கழித்துப் பார்த்தாலும், அந்த வெர்மான்ட் வீட்டின் அடுப்புக்கு இங்கே ஏறக்குறைய ஓர் ஏக்கர் தோப்பு போதும். அங்கே ஓர் ஏக்கர் ஆண்டுக்கு முக்கால் டன்தான் தருகிறது. காரணம் எளிது. மரம் இலையோடு நிற்பதே மே நடுவிலிருந்து அக்டோபர் தொடக்கம்வரைதான். மண்ணோ, பனிப்பாறைகள் உழுதுவிட்டுப்போன கல்லும் களியும். தவிர, சவுக்கு என்பது பயிர்: நாற்று, நடவு, தண்ணீர், ஒரே வெட்டு. வெர்மான்ட் காட்டை யாரும் நடவில்லை. அது தானாக வந்தது. அதற்குள் புகுந்து, அது நின்றபடியே நிற்க, அதன் வளர்ச்சியை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வர வேண்டும்.

இந்த 'வளர்ச்சியை மட்டும் எடுப்பது' என்ற எண்ணம் அங்கே போய்ச் சேர்ந்த வழியில் நம்ம ஊரும் இருக்கிறது என்பதால் ஒரு சின்னச் சுற்று சுற்றி வருகிறேன்.

டீட்ரிக் பிராண்டிஸ் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர் 1856-ல் பர்மாவின் தேக்குக் காடுகளைப் பார்த்துக்கொள்ள வந்தார். எவ்வளவு தேக்கு இருக்கிறது, ஆண்டுக்கு எவ்வளவு வெட்டலாம் என்று யாருக்கும் தெரியாத காலம். பிராண்டிஸ் யானைமீது ஏறிக்கொண்டு, கையில் மூங்கில் துண்டுகளை வைத்துக்கொண்டு காட்டுக்குள் போனார். மரத்தின் பருமனை வைத்து வகை பிரித்துக்கொண்டார். வகைக்கு ஒரு மூங்கில். வழியில் தேக்கு தென்படும்போதெல்லாம் அந்தந்த வகை மூங்கிலில் கத்தியால் ஒரு வெட்டுக்குறி. மழைக்காட்டில் காகிதம் நனையும், மூங்கில் நனைந்தால் என்ன? பெரிய மரம் எத்தனை, அடுத்து அந்த அளவுக்கு வரப்போகிறவை எத்தனை, வர எத்தனை ஆண்டு ஆகும் என்று தெரிந்தால், இந்த ஆண்டு எத்தனை வெட்டலாம் என்பது கூட்டல் கழித்தல்தான். 1864-ல் அவர் இந்தியா முழுமைக்கும் வனத்துறைத் தலைவரானார். 1880-களின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்துக் காடுகளைச் சுற்றிப் பார்த்து நிர்வாக யோசனைகள் எழுதினார். 1882-ன் சென்னை வனச் சட்டத்துக்குப் பின்னால் இருந்தவர் அவர்தான். அந்தச் சட்டத்தால் நம் மலையோர ஜனங்கள் விறகு பொறுக்கவும் மாடு மேய்க்கவும் பட்ட பாடு தனிக் கதை. பிராண்டிஸின் கணக்கு சரி, அதைக் கையில் வாங்கியவர்களின் நியாயம் வேறு. அதை இன்று பேசவில்லை.

ஓய்வு பெற்று பான் நகரத்தில் இருந்த அதே பிராண்டிஸைத் தேடி 1889-ல் ஒரு பணக்கார அமெரிக்க இளைஞர் வந்தார். பெயர் கிஃபர்ட் பின்ஷோ. வனவியல் படிக்க அமெரிக்காவில் அன்று ஒரு பள்ளியும் இல்லை. என்ன படிக்க வேண்டும், எங்கே படிக்க வேண்டும் என்று வழிகாட்டியவர் பிராண்டிஸ். 1905-ல் அமெரிக்க வனத்துறையின் முதல் தலைவராக உட்கார்ந்தவர் இந்தப் பின்ஷோ. ஆகவே வெர்மான்ட்டில் ஒரு வன அலுவலர் 'உங்கள் காடு ஆண்டுக்கு ஏக்கருக்கு அரை கார்ட்தான் வளரும், அதற்கு மேல் கை வைக்காதீர்கள்' என்று சொல்லும்போது, பர்மாவிலும் சென்னை மாகாணத்திலும் பழகிய ஒரு கணக்கு அங்கே வேறு குரலில் ஒலிக்கிறது.

வெர்மான்ட்டுக்குள்ளேயே ஒரு மூத்த குரலும் உண்டு. வுட்ஸ்டாக்கில் 1801-ல் பிறந்த ஜார்ஜ் பெர்கின்ஸ் மார்ஷ், சிறுவயதில் சுற்றியிருந்த மலைகள் மொட்டையாவதைக் கண்ணால் பார்த்தவர். காட்டை அழித்தால் ஆறும் மண்ணும் என்ன ஆகும் என்று 1864-ல் அவர் எழுதிய பெரிய புத்தகம் உலகம் முழுக்க வனத்துறையினர் படித்தது.

மொட்டையானது எதனால் என்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் காடு வாங்கப் போகிறவர் அந்தத் தடயத்தின்மேல்தான் நடக்கப்போகிறார். 1811-ல் வில்லியம் ஜார்விஸ் என்பவர் போர்ச்சுகலிலிருந்து மெரினோ ஆடுகளைக் கொண்டுவந்து இறக்கினார். 1840 வாக்கில் அந்தச் சின்ன மாநிலத்தில் பதினாறு லட்சத்துக்கு மேல் ஆடுகள். ஆளுக்கு ஐந்தாறு ஆடு. மலை முழுவதும் மேய்ச்சல் தரை, சுற்றிலும் கல் அடுக்கிய சுவர்கள். பிறகு கம்பளி விலை விழுந்தது, ஜனங்கள் மேற்கே கல் இல்லாத நிலம் தேடிப் போனார்கள், கைவிட்ட மேய்ச்சல் தரையில் மரம் முளைத்தது. இன்று மாநிலத்தில் முக்கால்வாசி காடு. அந்தக் கல்சுவர்கள் இப்போது நடுக்காட்டில் எங்கிருந்தோ எங்கோ போய்க்கொண்டிருக்கின்றன.

காடு வாங்குகிறவருக்கு அந்தச் சுவர்கள் பத்திரம் போலப் பேசும். சுவரில் பெரிய பாறைகளோடு முஷ்டி அளவுச் சின்னக் கற்களும் கலந்திருந்தால், அந்த நிலத்தை ஒருகாலத்தில் உழுதிருக்கிறார்கள், ஆண்டுதோறும் மேலே கிளம்பிய கல்லைப் பொறுக்கிப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். பெருங்கல் மட்டும் என்றால் மேய்ச்சல். தரை மேடும் பள்ளமுமாக, பழைய மரங்கள் வேரோடு சாய்ந்த தழும்புகளோடு இருந்தால் அங்கே ஏர் படவே இல்லை. ஒல்லியான மரங்களுக்கு நடுவே ஒன்று மட்டும் அடியிலேயே பெருங்கிளை விரித்து நின்றால், அது ஆட்டுக்கு நிழல் தர விட்ட மரம். அந்த மரத்தைக் கோடரியால் தொடும்முன் யோசியுங்கள். பழைய வேலிக்கம்பியை அதன் அடியில் ஆணியடித்து மாட்டியிருப்பார்கள், மரம் அதை விழுங்கி வளர்ந்திருக்கும். சங்கிலி ரம்பத்தின் பல்லெல்லாம் ஒரே நொடியில் போகும்.

ஆனால் எந்தச் சுவரும் சொல்லாத செய்தி ஒன்று உண்டு: கடைசியாக இந்தக் காட்டை வெட்டியவர் எதை வெட்டினார், எதை விட்டார்? நான் இன்று சொல்ல வந்ததில் முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டேன்.

காட்டை விற்கப்போகிறவர், விற்பதற்கு முன்னால் ஒரு முறை வெட்டிக் காசாக்கிக்கொள்வது அங்கே சாதாரணம். நேராக, பருத்து, கிளையில்லாமல் ஓங்கிய சர்க்கரை மேப்பிள், மஞ்சள் பர்ச், சிவப்பு ஓக் எல்லாம் அறுவை மில்லுக்குப் போய்விடும். கோணல், கவை, விரிசல், காளான் பிடித்தது எல்லாம் நிற்கும். பிறகு 'முழுக் காடு, 12 ஏக்கர்' என்று விளம்பரம். தூரத்திலிருந்து பார்த்தால் பச்சைதான். உள்ளே போய்ப் பார்த்தால், நெல்லைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு களையை வயலில் விட்டுவிட்டுப்போன கதை. இனி விதை விழுவதும் அந்தக் கோணல் மரத்திலிருந்துதான்.

விறகு வெட்டுகிறவர் செய்ய வேண்டியது இதற்கு நேர் எதிர். அடுப்புக்கு நேரான மரம் எதற்கு? கோணலும் அதே சூட்டில்தான் எரியும். எடைக்கு எடை பார்த்தால் உலர்ந்த மரங்களெல்லாம் ஏறக்குறைய ஒரே சூடுதான் தருகின்றன. கனமான மரம் குறைந்த இடத்தில் அதிகம் எரியும், அவ்வளவே வித்தியாசம். ஆகவே அடுப்பு என்பது காட்டில் விலைபோகாத மரத்துக்கெல்லாம் ஒரு விலை கொடுக்கிற சந்தை. ஏக்கருக்கு நாற்பது ஐம்பது நல்ல மரங்களைத் தேர்ந்து குறி போட்டுக்கொள்ள வேண்டும். அவற்றின் தலையோடு தலை முட்டிக்கொண்டு வெளிச்சத்தைப் பங்குபோடும் மோசமான மரம் எதுவோ, அதுதான் இந்த ஆண்டு விறகு. பொந்துள்ள கிழமரம் ஒன்றிரண்டை ஆந்தைக்கும் மரங்கொத்திக்கும் விட்டுவிட வேண்டும். அதை வெட்டினாலும் கிடைப்பது சக்கைதான்.

நெஞ்சு உயரத்தில் பத்து அங்குலக் குறுக்களவுள்ள மரம் ஆறேழு இருந்தால் ஒரு கார்ட். ஐந்து கார்டுக்கு முப்பத்தைந்து மரம் என்று வையுங்கள். பத்து ஏக்கரில் பரப்பினால் ஏக்கருக்கு மூன்று நான்கு. நூற்றுக்கணக்கான மரம் நிற்கும் ஓர் ஏக்கரில் ஆண்டுக்கு நான்கு மரம் போனால் காடு அதைக் கவனிக்காது. அப்படி ஒருவர் முப்பது ஆண்டு வெட்டினால், தொடங்கியதைவிட நல்ல காடு கையில் இருக்கும். தன் வீட்டுக்கு விறகு வெட்டுகிறவர்தான் அந்தக் காட்டுக்குச் சரியான வைத்தியர் என்று நான் சொல்வேன். விற்கப்போகிற மரத்தை அவர் வெட்டுவதில்லை, காசுக்காக வெட்டுவதில்லை, அவசரமும் இல்லை.

அவசரம் வரக்கூடாது என்பதுதான் ஏக்கர் கணக்கின் உயிர். தேவைக்குக் குறைவாக ஐந்து ஏக்கர் வாங்கியவர், ஒரு கடுங்குளிர் ஆண்டில் நல்ல மரத்திலும் கை வைப்பார். தேவைக்குக் கொஞ்சம் மிஞ்சிய காடு இருப்பவர் 'இதை இந்த ஆண்டு விட்டுவிடலாம்' என்று சொல்ல முடியும். எத்தனை ஏக்கர் வேண்டும் என்று கேட்டால், எவ்வளவு வெட்டப்போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்காமல், எவ்வளவை வெட்டாமல் விட உங்களால் முடியும் என்று கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

இனி வாங்கும் விவகாரம். இதில் சட்டமும் சாலையும் மரத்தைவிட முக்கியம்.

சாலையைப் பாருங்கள். வெர்மான்ட்டில் ஊர்ச் சாலைகளை வகுப்பு பிரித்திருக்கிறார்கள். நான்காம் வகுப்புச் சாலை என்றால் காகிதத்தில் பொதுச்சாலை, குளிர்காலத்தில் பனி அள்ள ஊராட்சிக்குக் கடமையில்லை. காட்டு வேலைக்கு அது பாதகமில்லை, ஆனால் அந்தச் சாலையை நம்பி வீடு கட்டினால் பிப்ரவரியில் தெரியும். சில காடுகளுக்குச் சாலையே இருக்காது. பக்கத்து நிலத்தின் வழியாகப் போக உரிமை இருக்கிறதா என்று ஊர் எழுத்தர் அலுவலகத்தில் பத்திரத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும். 'வழக்கமாக அந்த வழியாகத்தான் போவோம்' என்ற பேச்சை நம்பிப் பணம் கொடுக்கக் கூடாது. எல்லையையும் அப்படியே. பழைய பத்திரங்களில் எல்லை ஒரு மரத்தில் தொடங்கி ஒரு சுவரோடு போய் ஓர் ஓடையில் முடியும். மரம் செத்து அறுபது ஆண்டு ஆகியிருக்கும். எல்லை தெரியாமல் பக்கத்துக்காரர் மரத்தை வெட்டிவிட்டால் நீதிமன்றம் வரை போகும்.

சரிவையும் பாருங்கள். காடு வீட்டுக்கு மேலே இருந்தால் விறகு இறங்கி வரும். கீழே இருந்தால் எட்டு டன்னை ஒவ்வோர் ஆண்டும் ஏற்ற வேண்டும். இருபது ஏக்கர் ஏறமுடியாத காட்டைவிட வாசலைத் தொட்டு நிற்கும் எட்டு ஏக்கர் நல்லது. நிலம் உறைந்து கிடக்கும் ஜனவரி, பிப்ரவரிதான் இழுத்துவர நல்ல காலம். பனிமேல் கட்டை வழுக்கிக்கொண்டு வரும், வேரும் மண்ணும் சிதையாது. மார்ச் கடைசியில் பனி உருகித் தரை சேறானால் காட்டுக்குள் சக்கரம் இறங்கக் கூடாது. இறங்கினால் அந்தத் தடம் பல ஆண்டு மறையாது.

வரி விஷயத்தில் ஒரு வேடிக்கை. காட்டு நிலத்துக்குச் சந்தை விலைப்படி வரி போட்டால் சொந்தக்காரர் மனை போட்டு விற்றுவிடுவார் என்று பயந்து, வெர்மான்ட் 1978-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. காடாகவே வைத்திருந்தால், காடு என்ற அளவில் அது என்ன தருமோ அந்த மதிப்புக்கு மட்டும் வரி. மிகப் பெரிய சலுகை. ஆனால் குறைந்தது 25 ஏக்கர் காடு இருக்க வேண்டும், வீட்டுக்கு 2 ஏக்கர் தனி, ஆக 27. பத்தாண்டுக்கு ஒருமுறை காட்டுத் திட்டம் எழுதி மாவட்ட வன அலுவலரிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். பிற்காலத்தில் அதில் கட்டடம் எழுப்பினால் அந்தப் பகுதியின் சந்தை மதிப்பில் 10 சதவீதம் அபராதம் போல ஒரு வரி. நில விற்பனையிலோ பத்து ஏக்கரைக் கொஞ்சம் தாண்டிய துண்டுகள் நிறைய. காரணம் காடு அல்ல, கழிவுநீர்த் தொட்டி! பத்து ஏக்கருக்கு மேற்பட்ட மனைக்கு மாநிலத்தின் கழிவுநீர் அனுமதி தேவையில்லை என்று ஒரு விதிவிலக்கு இருந்தது. அதற்காகவே ஆயிரக்கணக்கான ஏக்கரை 10.1 ஏக்கராக நறுக்கினார்கள். 2002-ல் அந்த ஓட்டையை அடைத்தார்கள், ஆனால் நறுக்கியது நறுக்கியதுதான். அப்படி ஒரு துண்டை வாங்குகிறவருக்கு விறகு கிடைக்கும், வரிச்சலுகை கிடைக்காது. எல்லையில் ஓடும் கனெக்டிகட் ஆற்றைத் தாண்டிப் பக்கத்து மாநிலமான நியூ ஹாம்ப்ஷயருக்குப் போனால் அங்கே 1973-லிருந்தே இதே போன்ற சட்டம், பத்து ஏக்கர் போதும். வீட்டுக்கென்று வெட்டும் 20 கார்ட் விறகுவரை அங்கே மரவெட்டு வரியும் இல்லை. கனெக்டிகட் ஆற்றின் இந்தக் கரையா அந்தக் கரையா என்பதே சில குடும்பங்களுக்குக் காட்டின் அளவைத் தீர்மானித்திருக்கிறது.

காசுக்கு இது லாபமா என்று யாராவது கேட்பீர்கள். உலர்ந்த விறகை லாரியில் கொண்டுவந்து வாசலில் கொட்ட, சமீப ஆண்டுகளில் கார்டுக்கு 300, 400 டாலர் கேட்கிறார்கள். ஐந்து கார்டுக்கு ஆண்டுக்கு இரண்டாயிரம் டாலர்வரை மிச்சம் என்று ஒருவர் கணக்குப் போடலாம். நிலத்தின் விலை, ரம்பம், டிராக்டர், தலைக்கவசம், தன் உழைப்பு எல்லாம் சேர்த்தால் அந்த மிச்சம் காணாமல் போகும். கூலிக்குக் கணக்குப் பார்க்கிறவர் காடு வாங்க வேண்டாம், விறகு வாங்கட்டும். மரம் சாய்ப்பது விளையாட்டும் அல்ல. மேலே காய்ந்து தொங்கும் கிளை ஒன்று போதும், ஆளைக் கொல்ல. முறையாகக் கற்றுக்கொள்ளாமல் சங்கிலி ரம்பத்தைத் தூக்குவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

பூச்சியை மறந்துவிடக் கூடாது. வெள்ளை ஆஷ் அங்கே விறகுக்கு ராஜா. பச்சையிலேயே ஈரம் குறைவு, கோடரி பட்டால் பிளந்துகொள்ளும். ஆசியாவிலிருந்து வந்த மரகதப் பச்சை வண்டு ஒன்று 2002-ல் மிச்சிகனில் தென்பட்டது. அதன் புழு ஆஷ் மரத்தின் பட்டைக்கு அடியில் துளைத்துத் தின்னும், மரம் சில ஆண்டுகளில் சாகும். 2018-ல் வெர்மான்ட்டிலும் கண்டார்கள். பீச் மரத்துக்குப் பட்டைநோய் பல பத்தாண்டுகளாக இருக்கிறது, இப்போது இலைநோயும் சேர்ந்திருக்கிறது. ஆகவே ஆஷ் மட்டுமே மிகுந்த காட்டை 'விறகு அருமை' என்று வாங்கினால், பத்தாண்டில் வேண்டியதைவிட அதிக விறகும், அதன்பின் விறகே இல்லாத பத்தாண்டும் கிடைக்கும். நாலைந்து சாதி கலந்த காடுதான் பாதுகாப்பு. இந்த வண்டு தானாக அவ்வளவு தூரம் பறப்பதில்லை, விறகு வண்டியில் ஏறித்தான் ஊர் ஊராகப் போகிறது. விறகை இடம்விட்டு இடம் கொண்டுபோகாதே என்று சாலையோரம் பலகை வைத்திருப்பதற்குக் காரணம் அதுதான். சொந்தக் காட்டு விறகு சொந்த அடுப்பில் எரிவதற்கு இது எதிர்பாராத ஒரு நியாயம்.

இன்னொரு பக்கமிருந்தும் கணக்கைக் குறைக்கலாம், அதைப் பலர் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். வீட்டைப் பாருங்கள். நூறாண்டு பழைய பண்ணைவீடு, சன்னல் இடுக்கெல்லாம் காற்று, பரணில் வெப்பக்காப்பு இல்லை. அது எட்டு, பத்து கார்டைக்கூட விழுங்கும். இடுக்குகளை அடைத்து, பரணில் ஓரடிக் கனத்துக்குக் காப்புப் பஞ்சு போட்டால் பல வீடுகளில் பாதியாகக் குறைகிறது. ஒரு கார்ட் குறைந்தால் இரண்டு ஏக்கர் மிச்சம். இரண்டு ஏக்கர் காட்டைவிடப் பஞ்சு மலிவு. அடுப்பும் அப்படியே. திறந்த கணப்பில் எரியும் விறகின் சூட்டில் பெரும்பகுதி புகைபோக்கி வழியாக வானத்தைச் சூடாக்கப் போய்விடும். இன்றைய நல்ல அடுப்பு 70 சதவீதத்துக்கு மேல் அறைக்குள் தரும். பச்சை விறகு எரித்தால் எந்த அடுப்பும் தராது. தண்ணீரை ஆவியாக்கவே சூட்டில் ஒரு பங்கு செலவாகும். புகைபோக்கியின் உள்சுவரில் தார் மாதிரிக் கரிப்பிசின் படிந்து, ஒருநாள் அதுவே தீப்பிடிக்கும். பிளந்து, மேலே மட்டும் மூடி, பக்கவாட்டில் காற்றாட அடுக்கி, மேப்பிளுக்கு ஓராண்டு, ஓக்குக்கு இரண்டாண்டு. ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே வந்தால்தான் அது விறகு. ஆகவே இந்த ஆண்டு காடு வாங்கியவர் இந்த ஆண்டுக் குளிருக்கு விறகைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். சொந்த மரம் அடுத்த குளிருக்கோ அதற்கடுத்த குளிருக்கோதான். அந்த முதல் குளிர்காலத்தை வெட்டுவதில் செலவிடாமல், மாவட்ட வன அலுவலரோடு காட்டுக்குள் நடந்து குறி போடுவதில் செலவிட்டால் நல்லது. அவர் அதற்குக் காசு கேட்பதில்லை.

கடைசியாக, வாங்குகிறவருடைய வயது. யாரும் இதைக் கணக்கில் எழுதிப் பார்த்ததில்லை. நாற்பது வயதில் ஐந்து கார்ட் வெட்டிப் பிளந்து அடுக்குவது உடம்புக்குச் சுகம். எழுபதில் அப்படியல்ல. ஆனால் அடுப்பு அதே பசியோடுதான் இருக்கும், காடும் அதே வேகத்தில் வளர்ந்துகொண்டிருக்கும். அந்த வயதில் அங்கே பலர் செய்வது, காட்டை வாரத்துக்கு விடுவதுதான். பக்கத்து ஊர் இளைஞர் ஒருவர் ரம்பத்தோடு வருவார். குறி போட்ட மரங்களைச் சாய்த்து, அறுத்து, பிளந்து, பாதியைக் கிழவர் வீட்டுக் கொட்டகையில் அடுக்கிவிட்டு, மறுபாதியைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார். பணம் கைமாறாது. ஐந்து கார்ட் வீட்டுக்குச் சேர வேண்டுமென்றால் காட்டில் பத்து கார்ட் வெட்ட வேண்டும். பத்து கார்டுக்கு இருபது ஏக்கர். நாற்பது வயதில் தரகரிடம் 'பத்து ஏக்கர் போதுமா?' என்று கேட்கிறவருக்கு, எழுபதாவது வயதில் தேவைப்படப்போவது இருபது. பக்கத்து நிலம் விலைக்கு வரும்போது வாங்கிப்போடுகிற பழக்கம் அங்கே பழைய குடும்பங்களுக்கு உண்டு. அதற்குப் பேராசை என்று பெயர் சொல்கிறவர்களும் உண்டு. அவர்களில் பலர் இன்னும் தாங்களே விறகு பிளக்கும் வயதில் இருப்பவர்கள்.